பெயரிழந்து பெயர்பெற்ற பெருநகர்

ஊர்ப்பெயர் என்பது வெறும் ஒலியன்று. ஒரு நிலத்தில் முதன்முதற் குடியேறியோர் யாவர், அவர் வணங்கிய தெய்வம் யாது, அவர் கண்ட குன்றும் ஆறும் எவை என்னும் செய்திகளைத் தன்னுட் பொதிந்து வைத்திருப்பது அது. அரசுகள் மாறும், மொழிகள் மாறும், மதில்கள் இடிந்து மண்ணாகும். ஆயினும் மக்கள் நாவிலே பழகிவிட்ட பெயர் எளிதில் அழிவதில்லை. இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்கும் நகரங்களுள் ஒன்று பிரான்சு தேசத்தின் தென்கிழக்கிலுள்ள லியோன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் அதன் பெயரை, ஒரு காலத்தில் அந்நாட்டு அரசே சட்டம் இயற்றித் துடைத்தெறிய முயன்றது. அம்முயற்சி எவ்வாறு முடிந்தது என்பதையும், அந்நகரின் பழைமையையும், அங்குக் காணத்தக்க காட்சிகளையும் ஈண்டு நோக்குவோம்.

இரு நதிகள், இரு குன்றுகள்

பாரிசு மாநகரிலிருந்து அதிவேகப் புகையிரதத்தில் ஏறுவோர் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் லியோனை அடைந்துவிடலாம். அங்கு இறங்கியவரின் கண்ணை முதலிற் கவர்வன இரண்டு நதிகள். சுவிற்சலாந்தின் பனிமலையிலே பிறந்து, குளிர்ந்த நீருடன் விரைந்து பாய்வது றோன். வடக்கேயிருந்து ஆரவாரமின்றி அசைந்து வருவது சோன். சோன் நதியின் மந்தமான நடையை யூலியசு சீசரே வியந்து குறித்துள்ளார். இவ்விரண்டும் கூடுமிடமே லியோன். நதிகளுக்கு இடையே நாக்குப்போல் நீண்டு கிடக்கும் நிலத்தில் நகரின் நடுப்பகுதி அமைந்துள்ளது.

சோன் நதியின் மேற்கரையில் எழுவது பூர்வியேர் என்னும் குன்று. நதிகளுக்கு நடுவே வடபால் எழுவது குருவா றூஸ் என்னும் குன்று. முன்னதை வழிபடும் குன்று என்றும், பின்னதை உழைக்கும் குன்று என்றும் அந்நகர மக்கள் வழங்குவர். ஒன்றில் ஆலயங்களும் மடங்களும் நிறைந்திருந்தன. மற்றதில் நெசவுத் தறிகள் ஓயாது ஒலித்தன. லியோன் நகரின் வரலாறு முழுவதும் இவ்விரு குன்றுகளுக்குள் அடங்கும் எனினும் மிகையாகாது.

பெயர் வந்த கதை

உரோமர் இந்நகரை லுக்துனும் என அழைத்தனர். இஃது உரோமர் மொழியன்று. அவர்களுக்கு முன் அந்நாட்டில் வாழ்ந்த கெல்தியரின் மொழி. லுகு என்பது கெல்தியர் வழிபட்ட பெருந்தெய்வம் ஒன்றின் பெயர். அயர்லாந்தின் பழங்கதைகளிலும் அத்தெய்வம் லூ என்னும் பெயரோடு உலவுகின்றது. தூனோன் என்பது அரண், அல்லது அரண் அமைந்த குன்று எனப் பொருள்படும். எனவே லுகுவின் குன்றம் என்பதே இப்பெயரின் பொருள் எனப் பெரும்பாலான அறிஞர் கொள்வர். வட பிரான்சிலுள்ள லான் என்னும் ஊரின் பெயரும் இதே மூலத்திலிருந்து வந்ததே. முதலாம் உலகப் போரினாற் புகழ்பெற்ற வெர்தன் என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றில் ஒலிப்பதும் இதே அரண்தான்.

மக்கள் தம் ஊர்ப்பெயருக்குக் கதை கட்டாதிருப்பரோ? பண்டைக் கிரேக்க நூலொன்று வேறொரு வரலாறு கூறுகின்றது. நாடிழந்த இருவர் தெய்வவாக்கின்படி இக்குன்றிலே நகரமைக்க அடித்தளம் தோண்டியபோது, காகங்கள் திரளாகப் பறந்துவந்து மரங்களை நிறைத்தனவாம். லூகோஸ் என்பது காகத்தைக் குறிக்கும் சொல்லாதலின் இது காகக் குன்றாயிற்று என்பது அக்கதை. இடைக்காலத்துப் புலவரோ, ஒளி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லோடு இணைத்து ஒளிக்குன்று எனப் பொருள் கூறினர்.

காலப்போக்கிலே லுக்துனும் என்பதன் இடையிலுள்ள மெய்கள் மெலிந்து மறைய, ஈறும் கெட, லியோன் என்னும் வடிவம் எஞ்சியது. நம் இலக்கணநூலார் மரூஉ என்று கூறுவது இத்தகையதே. இவ்வாறு தேய்ந்த சொல், சிங்கத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு ஒலியில் ஒன்றாகிவிட்டது. அதனால் நகரச் சின்னத்திலே ஒரு சிங்கமும் வந்து அமர்ந்துகொண்டது. லுகு என்னும் தெய்வத்தை மறந்துவிட்ட மக்கள், அத்தெய்வத்தின் பெயரிலிருந்தே ஒரு சிங்கத்தைப் படைத்துக்கொண்டனர்!

பழைய மன்றத்துக் குன்று

யூலியசு சீசர் கொலையுண்டதற்கு அடுத்த ஆண்டு, கி. மு. 43இல், முனாத்தியசு பிளாங்கசு என்னும் உரோமத் தளபதி பூர்வியேர்க் குன்றிலே ஒரு குடியேற்றத்தை நிறுவினார். பின்னர் அகிரிப்பா என்பவர் இந்நகரை நடுவாகக் கொண்டு கோல் நாட்டின் நாற்றிசைக்கும் பெருந்தெருக்களை அமைத்தார். அன்றுமுதல் கோல் நாட்டின் தலைமை நகராயிற்று லுக்துனும். பூர்வியேர் என்னும் பெயரே பழைய மன்றம் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் மரூஉ என்பர்.

இன்று அக்குன்றின் சரிவிலே உரோமர் கட்டிய பெரிய நாடக அரங்கைக் காணலாம். ஏறத்தாழ 10,000 பேர் அமரத்தக்க அவ்வரங்கு பல நூற்றாண்டுகளாக மண்ணுள் மறைந்து கிடந்தது. 1933இல் தொடங்கிய அகழ்வே அதனை வெளிக்கொணர்ந்தது. 1946 முதல் கோடைகாலத்து இரவுகளில் அங்கு மீண்டும் நாடகமும் இசையும் நிகழ்ந்து வருகின்றன. குன்றின்மேல் வாழ்ந்தோருக்குத் தண்ணீர் கொணர உரோமர் நான்கு நீர்வழிகளைக் கட்டினர். அவற்றுள் நீண்டதாகிய சியே நீர்வழி 85 கிலோமீற்றர் அளவினது. பள்ளத்தாக்குகளைக் கடக்குமிடத்து ஈயக் குழாய்களிலே நீரைக் கீழிறக்கி, அதன் அழுத்தத்தினாலேயே எதிர்ப்பக்கத்தில் மேலேற்றினர் என்பதை மாணாக்கர் கருத்திற் கொள்க.

உரோமச் சக்கரவர்த்தி குளோடியஸ் கி. மு. 10இல் இந்நகரிலேதான் பிறந்தார். கோல் நாட்டுத் தலைவர்களுக்கும் உரோம மூதவையில் இடமளிக்க வேண்டுமென கி. பி. 48இல் அவர் வாதாடினார். வெளிநாட்டாரை உள்வாங்கியதனாலேயே உரோமாபுரி வளர்ந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். நன்றியுடைய லியோன் மக்கள் அவ்வுரையை வெண்கலத் தகட்டிலே பொறித்து நாட்டினர். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1528இல், புடைவை வணிகர் ஒருவரின் திராட்சைத் தோட்டத்தில் அத்தகடு கிடைத்தது. வரலாற்றாசிரியர் தசித்தசு இதே உரையைத் தம் நூலில் தம் நடையில் எழுதியுள்ளார். பேசியவர் மொழிந்ததையும் எழுதியவர் மாற்றியதையும் அருகருகே வைத்து ஒப்பிடும் அரிய வாய்ப்பு இதனாற் கிடைத்தது. பூர்வியேர் நூதனசாலையில் அத்தகட்டை இன்றும் காணலாம்.

பெருமையோடு துயரமும் உண்டு. கி. பி. 177இல் இந்நகரத்துக் கிறித்தவர் பலர் கொடிய வதைக்கு உள்ளாயினர். 90 வயதைக் கடந்த மேற்றிராணியார் பொத்தினசு சிறையிலே உயிர்நீத்தார். பிளாந்தினா என்னும் அடிமைப் பெண், எத்துணைத் துன்புறுத்தியும் தன் நம்பிக்கையை விடாது மாண்டாள். ஆளுநரின் பெயரை அறிந்தோர் இன்று அரியர். அவ்வடிமைப் பெண்ணின் பெயரோ நிலைத்துவிட்டது. குருவா றூஸ் குன்றின் அடிவாரத்தில் எஞ்சி நிற்கும் வட்டரங்கே அக்கொடுமை நிகழ்ந்த இடம் எனக் கருதுவர். 1958இற் கிடைத்த கல்வெட்டொன்று அவ்வரங்கு யாதென்பதை உறுதிப்படுத்தியது.

197இல் உரோமச் சிங்காசனத்துக்காக இருவர் பொருத பெரும்போரொன்று இந்நகரின் அருகே நிகழ்ந்தது. அதன்பின் நகர் தளர்ந்தது. நீர்வழிகள் பழுதுற்றுத் தண்ணீர் நின்றபோது மக்கள் குன்றை விட்டிறங்கிச் சோன் நதிக்கரையிற் குடிபுகுந்தனர். குன்றின்மேல் இருந்த ஊர் ஆற்றங்கரைக்கு வந்தது; பெயரும் உடன் இறங்கி வந்தது.

பட்டும் அச்சும்

இடைக்காலத்திலே அதிமேற்றிராணியாரின் ஆட்சியில் இருந்த லியோன், 1312இல் பிரெஞ்சு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் மன்னர் அனுமதித்த பெருஞ்சந்தைகளால் இத்தாலிய வணிகரும் பொற்கடைக்காரரும் இங்கு வந்து குவிந்தனர். 1473இல் முதல் நூல் இங்கு அச்சாயிற்று. நகைச்சுவைப் பேராசிரியர் இரபெலே இந்நகர மருத்துவமனையில் வைத்தியராயிருந்த காலத்தே, 1532இல், தம் முதல் நவீனத்தை இங்குதான் வெளியிட்டார்.

1536இல் முதலாம் பிரான்சுவா மன்னர் லியோனிற் பட்டு நெய்வதற்குச் சிறப்புரிமை அளித்தார். இத்தாலியப் பட்டுக்கு நாட்டின் பொன்னெல்லாம் போவதைத் தடுப்பதே அவர் நோக்கம். அன்று ஊன்றிய வித்து ஆலமரமாயிற்று. ஐரோப்பிய அரண்மனைகளின் திரைச்சீலைகளும் அரசியரின் ஆடைகளும் லியோன் தறிகளிலிருந்து சென்றன.

பெயர் பறிக்கப்பட்ட ஆண்டு

1789இல் எழுந்த பிரெஞ்சுப் புரட்சி பட்டுத்தொழிலை வாட்டியது. பட்டுடுத்த பிரபுக்கள் நாட்டைவிட்டோட, தறிகள் உறங்கின. நகரிலோ தீவிரவாதிகளும் மிதவாதிகளும் ஒருவரையொருவர் வெறுத்தனர். 1793 மே 29இல் மிதவாதிகள் எழுந்து நகராட்சியைக் கைப்பற்றினர். தீவிரவாதிகளின் தலைவர் சாலியேயைக் கொலைக்களத்துக்கு அனுப்பினர். பாரிசிலிருந்த தேசிய மகாசபை இதனைப் பொறுக்கவில்லை. படை வந்து நகரைச் சூழ்ந்தது. இரண்டு திங்கள் தாக்குப்பிடித்த நகர் பசியாலும் பீரங்கியாலும் நலிந்து ஒக்டோபர் 9இல் வீழ்ந்தது.

மூன்று நாட்களின் பின்னர் மகாசபை ஒரு சட்டம் இயற்றியது. லியோன் நகரம் அழிக்கப்படும். செல்வர் வீடுகள் யாவும் இடிக்கப்படும். ஏழைகளின் இல்லங்களும் தொழிற்கட்டடங்களும் கல்விக்கும் மனிதநேயத்துக்கும் உரிய நிலையங்களும் மட்டுமே விடப்படும். குடியரசின் நகரப் பட்டியலிலிருந்து லியோன் என்னும் பெயர் நீக்கப்படும். எஞ்சிய வீடுகளின் தொகுதி இனி ‘விடுவிக்கப்பட்ட ஊர்’ எனவே வழங்கும் என்பது அதன் சாரம். ஊரை அழித்துவிட்டு அதற்கு விடுதலை என்று பெயரிட்ட விந்தையை என்னென்பது!

நடக்கவியலாத குத்தோன் என்னும் பிரதிநிதி, நாற்காலியிற் சுமக்கப்பட்டு பெல்கூர்ச் சதுக்கத்துக்கு வந்து, சிறு சுத்தியலால் மாளிகைச் சுவரைத் தட்டி இடிப்பைத் தொடக்கிவைத்தார் என்பர். அவருக்குப்பின் வந்த கொலோ தெர்புவாவும் பூஷேயும் இன்னும் கொடியவர்கள். கொலைப்பொறியின் வேகம் போதாதெனக் கண்டு, றோன் நதிக்கு அப்பாலுள்ள புரொத்தோ வெளியிலே கைதிகளைக் கட்டி நிறுத்திப் பீரங்கியாற் சுடுவித்தனர். சில திங்களுக்குள் 1,600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பிரபுக்களும் வணிகரும் மட்டுமா? கைவினைஞரும் பட்டுத்தொழிலாளரும் பலர்.

எனினும் அப்புதுப்பெயர் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. பாரிசிலே ஆட்சி மாறியதும், 1794 ஒக்டோபரில், பழைய பெயர் சட்டப்படி மீண்டது. 1800இல் நெப்போலியன் பெல்கூர்ச் சதுக்கத்து மாளிகைகளை மீளக் கட்டுதற்கு முதற்கல் நாட்டினார். 300 மீற்றருக்கு மேல் நீண்டு பரந்த அச்சதுக்கத்தில் இன்று சிறுவர் விளையாடுகின்றனர். புரொத்தோவில் உயிரிழந்தோரின் எலும்புகளோ அருகிலுள்ள சிற்றாலயமொன்றின் நிலவறையில் துயில்கின்றன.

உழைக்கும் குன்று

முற்றுகையின்போது நகரைக் காக்க நின்றவர்களுள் யோசேப்பு மரி ஜக்கார் என்னும் ஏழை நெசவாளர் ஒருவரும் இருந்தார் என்பர். அவர் 1752இல் லியோனிற் பிறந்தவர். பூவேலைப் பட்டு நெய்ய அக்காலத்தில் நெசவாளருக்குத் துணையாக ஒரு சிறுவன் நின்று, நாளெல்லாம் பாவு நூல்களை மாற்றி மாற்றி இழுக்க வேண்டியிருந்தது. முன்னோர் சிலரின் முயற்சிகளை ஒன்றிணைத்து, துளையிட்ட அட்டைகளே நூல்களைத் தெரிந்து தூக்கும் பொறியை ஜக்கார் 1804இல் அமைத்தார். தொழில் பறிபோகுமென அஞ்சிய நெசவாளர் சிலர் அப்பொறிகளை உடைத்ததாகவும் கூறுவர். துளைக்கு ஒரு கட்டளை, துளையின்மைக்கு ஒரு கட்டளை என்னும் அந்நுட்பமே பின்னர் ஆங்கிலக் கணித அறிஞர் பாபேசு கணிப்பொறியைக் கற்பனை செய்தபோது அவருக்கு வழிகாட்டியது. காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலையின் கரையிலும் முந்தானையிலும் பூவும் அன்னமும் எழுதும் தறியில் இன்றும் வழங்குவது ஜக்காரின் பெயரே.

குருவா றூஸ் என்றாற் செஞ்சிலுவை என்பது பொருள். செந்நிறக் கல்லாலான பழைய சிலுவையொன்று அக்குன்றிற்கு இப்பெயரை அளித்தது. உயரமான புதிய தறியை நிறுத்துவதற்காக அங்குள்ள வீடுகளின் கூரையை 4 மீற்றர் உயரத்தில் அமைத்தனர். வெளிச்சத்துக்காகச் சாளரங்களை நெடிதாக்கினர். தறியின் நிழலிலேயே குடும்பம் உண்டது, உறங்கியது. கானு எனப்பட்ட இந்நெசவாளர் அரசர்க்குப் பட்டு நெய்து, தாம் பருத்தியும் கந்தையும் உடுத்தனர்.

1831 ஒக்டோபரில், மாவட்ட ஆட்சியாளர் முன்னிலையில் குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்று உடன்பாடாயிற்று. வணிகர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். நவம்பர் 21இல் நெசவாளர் கருங்கொடி தாங்கிக் குன்றிலிருந்து இறங்கினர். உழைத்து வாழ்வோம், இன்றேற் போராடி மடிவோம் என்பது அவர்கள் கொடியிலிருந்த வாசகத்தின் கருத்து. கடுஞ்சமரின்பின் நகரம் அவர்கள் கைக்கு வந்தது. செல்வம் மலிந்த நகரைச் சில நாட்கள் தம் வசம் வைத்திருந்தும் அவர்கள் கொள்ளையிடவில்லை, காவல் காத்தனர். பெரும்படை வந்து அடக்கியது. கூலி விகிதமும் நீக்கப்பட்டது. 1834இல் மீண்டும் எழுந்த கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்தது. ஆயினும் அடுத்த ஆண்டே இக்குன்றின் சரிவிலே நியாய விலைக்குப் பொருள் விற்கும் ஐக்கிய பண்டகசாலையொன்று தோன்றியது. பிரான்சின் கூட்டுறவுக் கடைகளுக்கு அது முன்னோடி.

வீட்டினூடே செல்லும் வழிகள்

லியோன் செல்வோர் தவறாது காணவேண்டியவை திராபூல் எனப்படும் ஒடுங்கிய வழிகள். ஊடு நடத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் மரூஉ இது. ஒரு தெருவின் கதவைத் திறந்து உட்சென்றால், இருண்ட நடையும், சுழற்படிக்கட்டுச் சூழ்ந்த முற்றமும் கடந்து, மற்றொரு தெருவில் வெளிப்படலாம். இத்தகைய வழிகள் நகரிற் பல நூறு உண்டு. நெய்த பட்டு மழையில் நனையாதபடி தோளிற் சுமந்து செல்ல அவை உதவின. இன்றும் அவை மக்கள் வாழும் வீடுகளே. நகராட்சியோடு செய்த உடன்பாட்டின்படி சிலவற்றைப் பகற்பொழுதிலே பார்வையாளருக்குத் திறந்துவைப்பர். உள்ளே செல்வோர் குரல் தாழ்த்திச் செல்வது மரபு.

இரண்டாம் உலகப் போரில் இவ்வழிகள் வேறொரு பணியும் புரிந்தன. 1942 நவம்பரில் யேர்மானியர் நகரைக் கைப்பற்றியபின், இரகசிய எதிர்ப்பியக்கத்தார் துரத்துவோர் கண்ணிலிருந்து மறைய இவற்றைப் பயன்படுத்தினர். அவ்வியக்கங்களை ஒன்றுபடுத்திய சான் மூலான் 1943 யூன் 21இல் நகரின் புறத்தேயுள்ள கலுயீரிற் பிடிபட்டு, வதையுண்டு, அடுத்த திங்களில் உயிர்நீத்தார். ஈசியூ என்னும் சிற்றூரிலிருந்த 44 யூதச் சிறுவர் 1944 ஏப்பிரல் 6இற் கவரப்பட்டு, நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். இவற்றைப் புரிவித்த கிளாவுசு பார்பி, 1987இல் இதே லியோனின் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு ஆயுட்சிறை பெற்றான்.

சோன் கரையிலுள்ள பழைய நகர்ப்பகுதியை இடித்து அகன்ற பாதை அமைக்கும் திட்டமொன்றும் ஒருகால் எழுந்தது. நகர மக்களின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. 1964இல் அப்பகுதி பிரான்சின் முதலாவது பாதுகாக்கப்பட்ட நகர்ப்பகுதியாயிற்று. 1998இல் யுனெசுக்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் லியோன் இடம்பெற்றது. அரசு ஒருகாற் பட்டியலிலிருந்து வெட்டியெறிந்த பெயரை உலகம் தன் பட்டியலிற் பொன்னெழுத்தாற் பொறித்தது.

ஒளியின் ஊர்

பூர்வியேர்க் குன்றின் உச்சியில் 1872இல் தொடங்கி 1896இல் திருநிலை பெற்ற தேவமாதா பேராலயம் வெண்மையாக விளங்குகின்றது. நான்கு கோபுரங்களும் மேல்நோக்கி நிற்பதால், கால்களை வானுக்கு நீட்டிக் கிடக்கும் யானை என்று அதனைக் கேலி செய்வோரும் ஊரில் உளர். அதற்கு முன்னரே, 1852இல், அங்குள்ள பழைய சிற்றாலயத்தின்மேல் மாதாவின் திருவுருவம் நிறுவப்பெற்றது. வெள்ளத்தாற் பிற்போடப்பட்ட அவ்விழா டிசெம்பர் 8இல் நிகழ இருந்தது. அன்றும் புயல் மிரட்டியது. மாலையில் வானம் தெளியவே, ஏவுவாரின்றி வீடுதோறும் சாளரங்களில் விளக்கேற்றினர் மக்கள். ஆண்டுதோறும் டிசெம்பர் 8ஆம் நாள் அவ்வழக்கம் தொடர்கின்றது.

ஒளிகொண்டு வேறொரு விந்தையும் இங்கே நிகழ்ந்தது. 1895இல் ஒகுஸ்ற், லூயி லூமியேர் என்னும் சகோதரர், தம் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சியைப் படமாக்கினர். சினிமாவின் தொடக்கமெனப் போற்றப்படும் அப்படத்தில் அரசரில்லை, போரில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் ஆணும் பெண்ணுமே உள்ளனர். லூமியேர் என்னும் குடிப்பெயருக்கு ஒளி என்பதே பொருள். அத்தெருவுக்கு இன்று ‘முதற்படத் தெரு’ என்பதே பெயர்.

சட்டத்தால் இட்ட பெயர் ஓராண்டில் மறைந்தது. முதற்படத் தெரு என்றும், செஞ்சிலுவைக் குன்று என்றும், ஜக்கார் தறி என்றும் உழைப்பும் வாழ்வும் இட்ட பெயர்கள் நிலைத்தன. லுகுவை மறந்தவரும், காகத்தைக் கண்டவரும், சிங்கத்தை எழுதியவரும், கருங்கொடி தாங்கியவரும் தம் ஊரை அழைத்தது ஒரே பெயரால்தான். அதனை மாற்றும் உரிமை எந்த மகாசபைக்கும் இருந்ததில்லை. லியோன் மக்கள் அதனைப் பிறரிடம் கேட்டுப் பெற்றதுமில்லை.